ஒட்டுப் போட்ட ஃப்ரெண்ட்ஷிப்!

ஃபைனல் இயர் மக்கள் எல்லாம் முன் பெஞ்சுக்கு வாங்க. இந்த வாரக் கச்சேரி முக்கியமா உங்களுக்குத்தான். ஜூனியர்ஸ் பின்னாடி உட்கார்ந்து கேட்டுக்குங்க, உங்களுக்கும் ஒருநாள் இந்தக் கதி வரும்.

ஃபேர்வெல் சீசன் வந்துட்டா கேம்பஸ்ல ஒரு விநோதக் காய்ச்சல் பரவும். வருஷக்கணக்கா கேன்டீன்ல கடன் சொன்னவன்கூட திடீர்னு வள்ளலாயிடுவான். ஃபோட்டோ போட்ட காபி மக், பேர் பொறிச்ச கீ செயின், இதய வடிவத் தலையணைன்னு கிஃப்ட் ஷாப்புல கூட்டம் அள்ளும். அப்புறம்? ரெண்டே மாசத்துல அந்த மக், பேனா ஸ்டாண்டாயிடும். கீ செயின் பரணுக்குப் போயிடும். தலையணையை அக்கா வீட்டு வாண்டு பிரிச்சுப் பஞ்சு பறக்க விட்டிருக்கும்.

இதுல ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பிச்சுப் பிழைக்கும். கடைசி நாள் ஆளாளுக்கு ஸ்கெட்ச் பேனாவால கிறுக்கின அந்த வெள்ளைச் சட்டை! அதைப் போட முடியாது, துவைக்க முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. பெட்டி அடியில கிடக்கும். அம்மா அதைக் கரித்துணியாக்கப் பார்த்தா வீடே அதிர்ற மாதிரி கத்துவீங்க. கடையில காசு கொடுத்து வாங்கினதுல இல்லாத ஏதோ ஒண்ணு அந்தச் சட்டையில இருக்கு. ஒருத்தர் உடம்புல கிடந்த துணி, இன்னொருத்தர் கைபட்ட எழுத்து.

அந்தச் சட்டையை வெளியே எடுங்க. இன்னிக்கு நாம அதை வெட்டப் போறோம்!

பதறாதீங்க. வெட்டித் தைக்கப் போறோம். இங்கிலீஷ்ல குவில்ட்னு சொல்வாங்க. துண்டுத் துணிகளைக் கட்டம் கட்டமா இணைச்சு மேல்துணி ஆக்கி, நடுவுல ஒரு மெத்துனு துணி, அடியில ஒரு துணி வெச்சு, மூணையும் சேர்த்துத் தையல் ஓட்டின போர்வை. தமிழ்ல 'ஒட்டுப்போர்வை'ன்னு வெச்சுக்கலாம். ஒட்டுப் போட்டதுன்னா கேவலம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு குட்டி வரலாறு.

கைகாட்டிட்டுப் போனா, போனதுதான்

1840-கள்ல அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில ஒரு பழக்கம் தீயாப் பரவிச்சு. அப்போ நிறையக் குடும்பங்கள் மேற்கே புது நிலம் தேடிக் கிளம்பிட்டு இருந்தாங்க. மாட்டு வண்டியில மாசக்கணக்கான பயணம். செல்போன் கிடையாது, வீடியோ கால் கிடையாது. கடுதாசி எப்போ போய்ச் சேரும்னு யாருக்கும் தெரியாது. கைகாட்டிட்டு வண்டி ஏறினா, அநேகமா இந்த ஜென்மத்துல மறுபடி பார்க்கப் போறதில்ல.

அப்படிக் கிளம்புற தோழிக்காக ஊர்ல இருக்கிற பொண்ணுங்க ஆளுக்கு ஒரு கட்டம் தைப்பாங்க. பெரும்பாலும் எல்லாருக்கும் ஒரே டிசைன். நடுவுல மட்டும் வெள்ளைத் துணி விட்டு, அதுல அவங்கவங்க பேரை மையால எழுதுவாங்க. சிலர் ரெண்டு வரி கவிதை, சிலர் ஊர்ப் பேரு, தேதி. நம்ம ஸ்லாம் புக்கேதான், என்ன... இதைப் போர்த்திக்கிட்டுத் தூங்கலாம்!

இதுல ஒரு கெமிஸ்ட்ரி மேட்டரும் இருக்கு. அதுக்கு முன்னாடி எழுதப் பயன்பட்ட மைகள்ல இரும்புச் சத்து உண்டு. அந்த மையால துணியில எழுதினா கொஞ்ச வருஷத்துல எழுத்து இருந்த இடத்தை அரிச்சு ஓட்டையாக்கிடும். 1830-கள்ல துணியை அரிக்காத, துவைச்சாலும் போகாத மை கடைக்கு வந்தது. அதுக்கப்புறம்தான் கையெழுத்துப் போர்வைகள் ஜோராக் கிளம்புச்சு. ஒரு பாட்டில் மை இல்லேன்னா, இன்னிக்கு அமெரிக்க மியூசியங்கள்ல தொங்குற எத்தனையோ தோழிகளோட பேரு காணாமப் போயிருக்கும். கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட், காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

நம்ம பக்கம் இது புதுசான்னா, இல்லவே இல்ல. வங்காளத்துல பழைய சேலைகளை அடுக்கி வெச்சு, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, பொடிப்பொடியா ஓட்டுத்தையல் போட்டுக் காந்தா தைப்பாங்க. ஜவுளிக்கடையில நாலாயிரம், அஞ்சாயிரம்னு பொண்ணுங்க எடுக்கிற 'காந்தா ஒர்க்' சேலைக்குத் தாய்வீடு இந்தக் கந்தல் போர்வைதான். பக்கத்துல கர்நாடகாவின் உத்தர கன்னட மாவட்டத்துல, ஆப்பிரிக்க வம்சாவளியில வந்த சித்தி இன மக்கள் இருக்காங்க. அந்தப் பெண்கள் தைக்கிற 'கவந்த்' போர்வை ஓரத்துல ஆரம்பிச்சுச் சுத்திச் சுத்தி நடுவுக்கு வந்து முடியும். முடிச்சதும் நாலு மூலையிலும் துணியை முக்கோணமா மடிச்சு 'பூ' வெச்சுத் தைக்கணும். பூ வைக்காத போர்வை அம்மணமா நிக்குதுன்னு அர்த்தமாம்!

வீட்டுல மட்டும் ஒரு சிக்கல் வரும். "பழைய துணியைப் போயா ஒருத்தருக்குக் கொடுப்பே?"ன்னு அம்மா முகம் சுளிப்பாங்க. அப்போ ஒரு கேள்வி கேளுங்க: நான் பொறந்தப்போ என்னை முதல்ல எதுல சுத்தினீங்க? புதுத்துணி உறுத்தும்னு, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன பாட்டியோட நூல்சேலையிலதானே? அந்தச் சேலையை மடிச்சுத் தைச்சு விரிப்பாவும் போட்டிருப்பாங்க. அம்மா வாயடைச்சுப் போய் பீரோ சாவியை எடுத்துத் தருவாங்க. தரலேன்னா கம்பெனி பொறுப்பாகாது.

ஊசி எடு, கொண்டாடு

சரி, வேலைக்கு வருவோம். அஞ்சு பேர் கேங்னு வெச்சுக்குவோம்.

போர்வை அளவு அகலம் 5 அடி, நீளம் 7 அடி. ஹாஸ்டல் கட்டிலுக்கும் சரி, ரயில் அப்பர் பெர்த்துக்கும் சரி, கச்சிதம். ஒரு கட்டம் தைச்சு முடிச்சப்புறம் 12 இஞ்ச் சதுரம் வரணும். அப்படின்னா அகலத்துக்கு 5, நீளத்துக்கு 7, மொத்தம் 35 கட்டம். ஆளுக்கு 7. பாருங்க, கணக்கே நட்புக்குத் தோதா வருது!

வெட்டும்போது 13 இஞ்சா வெட்டுங்க. நாலு பக்கமும் அரை இஞ்ச் தையலுக்குப் போயிடும். கை பழகினவங்க கால் இஞ்ச் விட்டாலே போதும்பாங்க. நாம அவ்வளவு அப்பாடக்கர் இல்ல. பழைய துணி வேற, நூல் பிரியும். அரை இஞ்ச்சே இருக்கட்டும். முதல்ல ஒரு காலண்டர் அட்டையை 13 இஞ்ச் சதுரமா வெட்டிக்கங்க. அதை வெச்சு எல்லாரும் வரைஞ்சு வெட்டினா அளவு பிசகாது. ஆளாளுக்கு ஒரு ஸ்கேல் எடுத்தீங்க, கடைசியில போர்வை இந்தியா மேப் மாதிரி வரும்.

எதை வெட்டலாம்? காட்டன் சட்டை, சுடிதார், லேப் கோட், கிழிஞ்ச லுங்கி, கல்ச்சுரல்ஸுக்கு அடிச்ச டி-ஷர்ட்... எல்லாம் ஓகே. துவைச்சு, அயர்ன் பண்ணிட்டு வெட்டணும். சுங்குடி மாதிரி சாயம் போற துணி இருந்தா தனியா ரெண்டு மூணு தடவை அலசிடுங்க. இல்லேன்னா முதல் துவையல்லேயே பக்கத்துக் கட்டமெல்லாம் சேர்ந்து ஹோலி கொண்டாடிடும். டி-ஷர்ட்ல ஒரு வில்லங்கம் உண்டு. பனியன் துணி இழுத்தா நீளும். டெய்லர்கள் காலருக்குள்ளே அயர்ன் பண்ணி ஒட்டுற கேன்வாஸ் இருக்கே, அதுல ரொம்ப மெல்லிசானதாக் கேட்டு வாங்கி, பின்பக்கம் ஒட்டிட்டு அப்புறம் வெட்டுங்க. அடங்கிடும். பட்டு, ஜரிகை, ஜீன்ஸ் மூணும் வேணாம். முதல் ரெண்டும் துவைக்கத் தாங்காது, மூணாவதுல ஊசி இறங்காது.

பேர் எழுத பால்பாயின்ட் பேனா ஆகாது. பென்சில்ல கையெழுத்துப் போட்டு, அந்தக் கோட்டு மேலேயே நூலால பின்தையல் போடுங்க. உங்க கையெழுத்து டாக்டர் பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி இருந்தாலும் கவலை இல்ல, நூல்ல வந்தா அதுவே டிசைன்!

இப்போதான் ஜாலியான கட்டம். முப்பத்தஞ்சையும் ரூம் தரையில பரப்பி, எது எங்கேன்னு முடிவு பண்ணணும். சண்டை கன்ஃபார்ம். "என் மஞ்சச் சட்டையை ஏன் மூலையில வெச்சே?" "அது கண்ணைக் குத்துதுடீ!" ரெண்டு மணி நேரம் ஓடும், ஓடட்டும். முடிவானதும் மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துடுங்க. இல்லேன்னா யாராவது ஃபேனைப் போட்டு மொத்தத்தையும் பறக்க விட்ட பிறகு முதல்லேருந்து பஞ்சாயத்து ஆரம்பிக்கணும். அப்புறம் அஞ்சஞ்சு கட்டமா இணைச்சு ஏழு வரிசை, ஏழு வரிசையையும் இணைச்சா மேல்துணி ரெடி. இந்த ஒரு வேலையை மட்டும் மிஷின்ல தைச்சுக்கலாம். தெரு முனை டெய்லர் அண்ணன்கிட்ட ஸ்வீட் பாக்ஸோட போய் நில்லுங்க.

நடுத்துணிக்குப் பஞ்சு வேணவே வேணாம். நம்ம ஊர் வெயில்ல பஞ்சு வெச்சா போர்த்திக்கிறவர் அவிஞ்சிடுவார். ஊட்டி, கொடைக்கானல், டெல்லிக்குப் போற ஆளுக்குக் கொடுக்கிறதா இருந்தா யோசிக்கலாம். மத்தபடி ஒரு பழைய நூல்சேலை போதும். அடித்துணிக்கும் ஒரு சேலை. சேலை நீளம் சுமார் அஞ்சரை மீட்டர், அதாவது 18 அடி. ஏழரை அடி நீளத்துல ரெண்டு துண்டு வெட்டிப் பக்கம் பக்கமா இணைச்சா, அகலம் தாராளமா வந்துடும்.

அடித்துணியைத் தரையில சுருக்கமில்லாம விரிச்சு, மூலைகளை டேப் ஒட்டி நிறுத்துங்க. மேலே நடுத்துணி, அதுக்கு மேலே கட்டத்துணி. நடுவுல ஆரம்பிச்சு ஓரத்தைப் பார்க்க ஒரு சாண் இடைவெளியில நூலோட்டிக்கங்க. ஓரத்துல ஆரம்பிச்சா சுருக்கமெல்லாம் நடுவுல வந்து குப்புனு உப்பி நிக்கும். இனி நிதானமா ஓட்டுத்தையல். ஆறு இழை எம்ப்ராய்டரி நூல்ல மூணு இழை பிரிச்சுக் கோத்து, கட்டங்களோட கரையை ஒட்டியே தைச்சுக்கிட்டுப் போங்க. விரல் பொத்துப் போகாம இருக்க, டெய்லர்கள் நடுவிரல்ல மாட்டுற குட்டித் தொப்பி ஒண்ணு கடையில கிடைக்கும். அது முக்கியம் அமைச்சரே!

"இவ்வளவெல்லாம் நமக்கு வராது பாஸ்"னு எஸ்கேப் ஆகப் பார்க்கிறவங்களுக்குக் குறுக்கு வழி இருக்கு. கட்டங்கள் சந்திக்கிற மூலைகள் உள்ளே மொத்தம் 24 வரும். ஒவ்வொண்ணுலயும் கெட்டி நூலை மூணு துணிக்கும் சேர்த்துக் குத்தி இறக்கி, மேலே ஏத்தி, இறுக்கி முடிச்சுப் போடுங்க. கட்டங்களோட நடுவிலயும் ஒவ்வொரு முடிச்சு போட்டுட்டா துணி நகராது. கடைசியா அடித்துணியோட ஓரத்தை மேலே மடிச்சு ஹெம்மிங். முடிஞ்சுது ஜோலி. எல்லா நூலோட்டலையும் உருவிடுங்க.

வேகமாப் படிச்சுட்டீங்க. ஆனா வேலை அவ்வளவு வேகமா முடியாது. மாலைக்கு ஒரு மணி நேரம், ஞாயித்துக்கிழமை கூடக் கொஞ்சம்னு உட்கார்ந்தாலும் பாதி செமஸ்டரைத் தின்னுடும். தின்னட்டும். இதோட ருசியே அங்கேதான் இருக்கு. அஞ்சு பேர் ஒரே துணியைச் சுத்தி உட்காரும்போது கை வேலையா இருக்கும், கண்ணு துணியில இருக்கும், வாய் மட்டும் சும்மா இருக்கும். முகத்துக்கு நேராப் பார்த்துச் சொல்ல முடியாததை எல்லாம் ஊசியைப் பார்த்துக்கிட்டே சொல்லிடலாம். அரியர் பயம், வீட்டுக் கடன், ஒருதலைக் காதல், யாருக்கும் தெரியாம அழுதது... எல்லாம் வெளியே வரும். மொபைலைத் தொட ரெண்டு கையும் காலியா இருக்காது என்பது போனஸ்.

பசங்க சைடுல ஒரு சத்தம் கேக்குது. "தையல் எல்லாம் பொண்ணுங்க வேலை மச்சி!" அப்படியா மாப்ளே? உன் பேன்ட்டைத் தைச்சது யாரு? காஜா எடுத்தது யாரு? தெரு முனையில நம்ம அண்ணன்தானே? சும்மா உட்காரு. உலகத்துலேயே பெருசாச் சொல்லப்படுற ஒட்டுப்போர்வை ஒண்ணைத் தொடங்கி வெச்சதே ஒரு ஆம்பளைதான். சான்ஃபிரான்சிஸ்கோக்காரர் கிளீவ் ஜோன்ஸ். எய்ட்ஸ் நோய் அவரோட நண்பர்களை ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா வாரிக்கிட்டுப் போன நேரம். அந்த நோய்ல செத்தவங்களைத் தொடவே பயந்தாங்க. பல பேருக்கு முறையா இறுதிச்சடங்குகூட நடக்கல. இறந்துபோன நண்பர் மார்வின் ஃபெல்ட்மன் பேர்ல 1987-ல் முதல் துணியை உருவாக்கினார் ஜோன்ஸ். அளவு 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு ஆளைப் புதைக்கிற குழியோட அளவு. அதைப் பார்த்து மத்தவங்களும் அவங்கவங்க நண்பனுக்கு, மகனுக்கு, காதலனுக்குத் தைச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் அக்டோபர் 11-ம் தேதி வாஷிங்டன் நேஷனல் மால் புல்வெளியில எல்லாத்தையும் இணைச்சு விரிச்சப்போ 1,920 துணிகள். இன்னிக்கு அது சுமார் 50,000 துணிகளாப் பெருகி, 54 டன் கனக்குது. பேரைச் சொல்லவே உலகம் கூச்சப்பட்ட மனுஷங்களோட பேரை எல்லாம் நூலால சொல்லிட்டாங்க.

யாருக்கு அது?

இப்போ வரும் பாருங்க மெயின் சண்டை. தைச்சது அஞ்சு பேரு, போர்வை ஒண்ணு. யார் வெச்சுக்கிறது?

சீட்டுக் குலுக்கிப் போடலாம்பீங்க. வருஷத்துக்கு ஒருத்தர்னு சுத்தி விடலாம்பீங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும், ரெண்டாவது வருஷமே கூரியர்ல அனுப்ப மறந்து குரூப்ல முட்டிக்கும். அந்தக் கால அமெரிக்கத் தோழிகளுக்கு இந்தக் குழப்பமே இல்ல. போறவளுக்குத்தான் போர்வை. இருக்கிறவங்களுக்கு ஒருத்தருக்கொருத்தர் இருக்காங்க. போறவளுக்கு யாரு? அதான் கணக்கு. காலேஜ் முடிச்சா எல்லாரும்தானே போறோம்னு மடக்காதீங்க. எல்லாரும் ஒரே மாதிரி போறதில்ல. ஒருத்தி ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து பெங்களூர் போவா. ஒருத்தன் தெரிஞ்ச முகமே இல்லாத குர்கானுக்குப் போவான். ஒருத்தர் கோர்ஸ் முடியறதுக்கு முன்னாடியே போயிருப்பாங்க.

அப்படி முன்னாடியே போன ஒருத்தியோட கதை எனக்குத் தெரியும். கோவைப் பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டல், அஞ்சு பேர் ரூம். மூணாம் வருஷம் நடுவுல ஒருத்தியோட அப்பா திடீர்னு தவறிட்டார். கீழே ரெண்டு தம்பிங்க. டி.சி. வாங்கிட்டு ஊருக்குப் போனவ, அங்கேயே ஒரு மில்லுல வேலைக்குச் சேர்ந்துட்டா. மத்த நாலு பேரும் ஆரம்பத்துல தினம் போன் பண்ணாங்க. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. பாசம் இல்லாம இல்ல. என்ன பேசுறதுன்னு தெரியல. பிளேஸ்மென்ட் பத்திப் பேசினா அவளுக்கு வலிக்கும். டூர் பத்திப் பேசினா வலிக்கும். ஒண்ணுமே நடக்காத மாதிரி "சாப்டியா?"ன்னு எத்தனை நாள் கேக்க முடியும்?

ஃபைனல் இயர்ல ரூம் மாறும்போது கட்டிலுக்கு அடியில அவளோட லேப் கோட் கிடைச்சுது. ஓரத்துல ஆசிட் பட்டுப் பொத்தல் விழுந்தது. அதை வீசவும் முடியாம, கூரியர் பண்ணவும் முடியாம (வேலைக்குப் போறவளுக்கு லேப் கோட்டை அனுப்புறது மாதிரி ஒரு குத்தல் உண்டா?) ஒரு மாசம் வெச்சிருந்தாங்க. அப்புறம்தான் இந்த ஐடியா. அந்தக் கோட்டு நடுக்கட்டம். சுத்தி நாலு பேரோட சுடிதார், மெஸ்ஸுல சாம்பார் கொட்டி ஹைதர் காலத்துக் கறை படிஞ்ச நைட்டி, ரூம் ஜன்னல் திரை. 'மிஸ் யூ' ஒண்ணும் எழுதல. பேரு மட்டும்தான்.

தபால்ல அனுப்பாம, நாலு பேரும் பஸ் ஏறி நேர்லயே கொண்டுபோனாங்க. அவ பிரிச்சுப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒவ்வொரு கட்டமா விரல் வெச்சு, "இது யாரோடது? ஐயோ, இந்த நைட்டியா!"ன்னு ஆரம்பிச்சா. ஒரு வருஷமாப் பேசாத பேச்செல்லாம் அன்னிக்கு ராத்திரி பேசி முடிச்சாங்களாம். மில்லுல நைட் ஷிஃப்ட் எப்படி இருக்கும்னு அவ சொல்ல, இன்டர்வியூல சொதப்பினதை இவங்க சொல்ல, யாருக்கும் எதுவும் வலிச்ச மாதிரி தெரியல.

காலையில கிளம்பறப்போ அவ உள்ளே போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்தா. அப்பாவோடது. நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. "இதையும் இதுல சேர்க்க முடியுமாடீ?"

தைச்சு முடிச்ச போர்வையைப் பிரிக்க முடியாது. அதனால சட்டையோட மார்புப் பாக்கெட்டை மட்டும் சுத்தி வெட்டி எடுத்து, லேப் கோட் கட்டத்து மேலேயே வெச்சு அஞ்சு பேரும் மாத்தி மாத்தித் தைச்சாங்க. ஆசிட் பொத்தல் மறைஞ்சுபோச்சு. பாக்கெட்டோட மேல்வாயை மூடாம விட்டுட்டாங்க, ஏதாவது போட்டு வைக்கலாம்னு. ஊசி கொடுத்தது அவங்க அம்மா. அவங்க பிடிக்க வேண்டிய பஸ்ஸு போயே போச்சு.

இந்தப் பொண்ணுங்க யாரும் அலபாமா பக்கம் போனதில்ல. ஆனா அங்கே ஆத்து வளைவுல கீஸ் பென்ட்னு ஒரு குக்கிராமம் இருக்கு. அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களோட வாரிசுகள் வாழ்ற ஊர். பல பேருக்கு இன்னமும் பெட்வேங்கிற பேர்தான் குடும்பப் பேரு. அந்தக் காலத்து எஜமானனோட பேரு அது! குளிருக்கு வேற வழியில்லாம, வயல்ல உழைச்சுத் தேய்ஞ்ச பேன்ட், சட்டை, சாக்குத் துணியை எல்லாம் வெட்டி அந்த ஊர்ப் பெண்கள் போர்வை தைச்சாங்க. 1942-ல் மிசூரி பெட்வேங்கிற அம்மா, இறந்துபோன புருஷனோட வேலைத் துணிகளை எடுத்து, மகள் அர்லான்சியாவைக் கூட வெச்சுக்கிட்டு ஒரு போர்வை தைச்சாங்க. அவரை நினைச்சு அதைப் போர்த்திக்கிட்டுப் படுக்கணும்னுதான். 2002-ல் அந்த ஊர்ப் போர்வைகளை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துல மாட்டினப்போ நவீன ஓவியம்னு வியந்தாங்க விமர்சகர்கள். 2006-ல் அமெரிக்க அரசு தபால்தலையே வெளியிட்டுச்சு. தைச்சவங்க ஓவியம்னு நினைச்சுத் தைக்கல.

மறுபடி நம்ம போர்வைக்கு வருவோம். கொடுக்கும்போது சில விஷயம். கிஃப்ட் ராப்பர் சுத்தாதீங்க, ஒரு துண்டால கட்டினாலே போதும். எந்தக் கட்டம் யாரோடதுன்னு நீங்களே விளக்கப் போகாதீங்க, அவங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். "அழுக்காயிடும்"னு பீரோவுல மடிச்சு வெச்சா அடுத்த தடவை போறப்போ சண்டை போடுங்க. ஷாம்பூவோ மைல்டான சோப்புத் தூளோ போட்டுக் கையால அலசி, நிழல்ல காயப்போட்டா போதும். அடிச்சுத் துவைக்கக் கூடாது, அவ்வளவுதான். அஞ்சாறு வருஷத்துல ஒரு கட்டம் இத்துப்போகும், போகத்தான் செய்யும். அதுக்கு மேலே இன்னொரு துண்டை வெச்சுத் தைச்சுக்கலாம். அதுக்குள்ளே கேங்ல யாருக்காவது கல்யாணம் ஆகியிருக்கும், குழந்தை பொறந்திருக்கும். புதுத் துண்டுக்கா பஞ்சம்?

இந்த வீக் எண்டு ஊருக்குப் போறவங்க மட்டும் ஒரு வேலை பண்ணுங்க. தெருவுல "பழைய துணிக்குப் பாத்திரம்..."னு குரல் கேக்கிறதுக்கு முன்னாடி, பரண் மேல இருக்கிற அந்த மூட்டையைத் தொட வேணாம்னு அம்மாகிட்ட இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க.

அடுத்த வாரம் சந்திக்கலாம், ஃப்ரெண்ட்ஸ்!